கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள்

நம் காரைக்குடியில் ஞாயிறு மாலை நடந்த கூட்டத்தில், கீழடி பற்றிக் கேள்வி கேட்ட ஓய்வுபெற்ற தமிழாசிரியர் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கியதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ‘சரியான பாடம்’ என்று காரைக்குடிக்காரர்களே அந்தக் காணொளியைப் பரப்புவதைக் கண்ட பிறகு பொறுக்கவில்லை.

அவர் என்ன கேட்டார்? 2019இல் மாநிலத் தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கையில் உள்ள கி.மு. 580 என்பது, கீழடியில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த கரிமாதிரியின் காலம். மேலடுக்கில் கிடைத்த பொருள்களுக்கும் அதையே சொல்லலாமா என்று கேட்டார். அடுக்குவாரியாகக் காலம் பிரிப்பது அகழாய்வின் அரிச்சுவடி; பதில் சொல்லக்கூடிய கேள்விதான். ‘சங்கி’ என்று ஒரு குரல் வந்தது. கீழடியில் முதலில் அகழாய்வு நடத்திய அமர்நாத் ராமகிருஷ்ணா 2023இல் கொடுத்த அறிக்கையை இரண்டு ஆண்டு கழித்து மத்தியத் தொல்லியல் துறை திருத்தச் சொன்னதும் தவறு என்றார் ஆசிரியர். மறுபக்கத்திலிருந்து ‘திராவிட அடிமை’. இரண்டு பட்டம் வந்தது, பதில் வரவில்லை.

இதுவா நம் ஊர்? காங்கிரஸ்காரராக இருந்து பின்னர் சுதந்திராக் கட்சிக்குப் போன சா. கணேசனின் கம்பன் விழா மேடையில் பொதுவுடைமைக்காரர் ஜீவா கம்பனைப் பேசினார். குன்றக்குடி அடிகளாரும் பெரியாரும் நண்பர்கள். கடவுள் விஷயத்தில் இருவரும் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை.

‘அந்தக் காலத்தில் அடிதடி இல்லையா?’ என்பீர்கள். இருந்தது. தேர்தல் நேரத்தில் மண்டைகள் உடைந்ததும் உண்டு. ஆனால் எங்கள் அப்பச்சி காங்கிரஸ், சித்தப்பா தி.மு.க. மாநில சுயாட்சி பற்றி முகப்புத் திண்ணையில் தெருவுக்கே கேட்கச் சண்டை போடுவார்கள். ஆத்தா கூப்பிட்டால் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு மறுபடி ஆரம்பிப்பார்கள். மறுத்துப் பேசுவதற்காகவே அப்பச்சி முரசொலியை வரிவிடாமல் படிப்பார். இன்று எதிர்த்தரப்பு எழுதியதை யார் படிக்கிறீர்கள்?

‘பொய் பரப்புகிறவனுக்கு என்ன மரியாதை?’ என்கிறார்கள். பொய் என்றால் பொய் என்று காட்டுங்கள். அந்த ஆசிரியர் சொன்ன பொய் எது? ஒன்றைச் சொல்லுங்கள். ‘நடுநிலை வேடம்’ என்பவர்களுக்குப் பதிலே கிடையாது. எனக்கும் கட்சி உண்டு, அதை நான் ஒளித்ததில்லை.

முன்னோருக்குப் பங்காளிகள் கூடிப் படையலிடும் எங்கள் படைப்புக்கு இந்த ஆண்டு சித்தப்பா மகன் வரவில்லை. பங்காளிகள் வாட்ஸ்அப் குழுவில் நான் போட்ட ஒரு செய்தி காரணமாம். அது தவறு என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. குழுவிலிருந்து வெளியேறினான், படைப்புச் சோற்றுக்கும் வரவில்லை. எந்தக் கட்சித் தலைவன் வந்து அந்த இலையில் உட்காரப் போகிறான்? சண்டை போட்டிருக்கலாமே தம்பி! அண்ணன் என்ற உரிமையில் வாங்கிக்கொண்டிருப்பேனே!

மைக்கைப் பிடுங்கியவன் அவரிடம் ஆறாம் வகுப்பில் தமிழ் படித்தவன். இனிக் கூட்டங்களுக்கு வருவதில்லை என்று ஆசிரியர் தொலைபேசியில் சொன்னார். இந்தப் பதிவின் கீழும் வந்து நான் யார் பக்கம் என்று கேட்பீர்கள். கேளுங்கள், நீக்க மாட்டேன். முதலில் அவர் கேட்டதற்குப் பதில் எழுதுங்கள்.