மூன்று சென்ட் மண்

வீட்டுமனைப் பட்டா கேட்டுக் குமரி மாவட்டக் கடற்கரைக் கிராமத்துப் பெண்கள் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்த செய்திக்குக் கீழே, "சுனாமி வீடு கொடுத்தாயிற்றே, இன்னும் என்ன வேண்டும்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நான் அப்படி ஒரு வீட்டில் வளர்ந்தவள். 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு ஒரு சிறு குடும்பத்துக்கென்று கட்டிய வீடு அது. இன்று அதே கூரையின் கீழ் அப்பா, அம்மா, இரண்டு அண்ணன்மார், மதினிமார், ஐந்து குழந்தைகள். அண்ணன்மார் பல இரவுகள் வலைக்கூடத்தில்தான் படுக்கிறார்கள்.

வேறெங்கே போவது? 2011 கணக்கெடுப்பிலேயே குமரியில் சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல். ஒரு பக்கம் மலையும் காடும், மறுபக்கம் கடல். நடுவில் மிஞ்சிய நெல்வயல்களும் மனைகளாகின்றன. அந்த விலை மீனவனுக்கும் எட்டாது, ரப்பர் பால் வெட்டும் தொழிலாளிக்கும் எட்டாது. ஒத்திக்குப் போகவும் மொத்தப் பணம் முன்னால் வேண்டும். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் தருகிறார்கள். நல்ல திட்டம்தான். மண்ணே இல்லாதவன் அந்த வீட்டை எங்கே கட்டுவான்?

முதலில் பட்டா வேண்டும், அதுவும் கரைக்குப் பக்கத்தில். நள்ளிரவில் வள்ளம் இறக்குகிறவனைப் பத்து கிலோமீட்டர் உள்ளே குடிவைத்தால், அவன் வீட்டைப் பூட்டிவிட்டுக் கரைக்கே திரும்பிவிடுவான். அந்தப் பெண்கள் கேட்டது ஆளுக்கு மூன்று சென்ட். அடுத்த திங்கட்கிழமை நானும் அவர்களோடு போகிறேன்.