பிலடெல்பியா: உயர்ந்த மதிப்பெண்ணும் தனியார் நிர்வாகமும்

"அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் தனியாரிடம் கொடுத்த பள்ளிகளில் தேர்ச்சி விகிதம் ஏறியது, ஆகவே தனியார் நிர்வாகம் வெற்றி" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். ஏறியது உண்மை, அதிலிருந்து எடுத்த முடிவு தவறு.

2001 இறுதியில் மாநில அரசு நகரப் பள்ளிகளைக் கையில் எடுத்த பிறகு, 2002இல் 45 பள்ளிகள் ஏழு வெளி நிர்வாகங்களுக்குப் போயின. லாப நோக்கில் பள்ளிகளை நடத்திய எடிசன் நிறுவனத்துக்கு மட்டும் 20. ஆனால் அதே காலத்தில் நகரம் முழுவதும் பொதுப் பாடத்திட்டம் வந்தது, ஆறு வாரத்துக்கு ஒருமுறை அளவீட்டுத் தேர்வு வந்தது. மற்ற பள்ளிகளிலும் மதிப்பெண் ஏறியது. போதாக்குறைக்கு, தனியாரிடம் கொடுக்க அடிமட்டத்தில் இருந்த பள்ளிகளைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். மிகக் கீழே இருப்பது அடுத்த ஆண்டு கொஞ்சம் மேலே வருவது புள்ளியியலில் சாதாரணம். அதனால் "முன், பின்" ஒப்பீடு இங்கே எதையும் நிரூபிக்காது. ஒவ்வொரு மாணவரின் வளர்ச்சியையும் நகரின் மற்ற மாணவர்களோடு ஒப்பிட வேண்டும்.

2007இல் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனத்தின் ஆய்வு அப்படித்தான் செய்தது. தனியார் நிர்வகித்த பள்ளிகளுக்குக் கூடுதல் பணம் கிடைத்தும், நான்கு ஆண்டு முடிவில் கணிதத்திலும் வாசிப்பிலும் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. நகர நிர்வாகமே கூடுதல் நிதியோடு மறுசீரமைத்த 21 பள்ளிகள்தான் கணிதத்தில் தெளிவாக முன்னேறின. இந்தப் பள்ளிகளை உங்கள் பதிவு குறிப்பிடவே இல்லை. அதுதான் எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

பீட்டர்சன், சிங்கோஸ் என்ற இரு கல்வி ஆய்வாளர்களின் ஆய்வு வேறு ஒப்பீட்டுக் குழுவை வைத்து, லாப நோக்குள்ள நிர்வாகங்களின் பள்ளிகளில் கணிதப் பலன் இருந்ததாகச் சொல்கிறது. அதையே ஆதாரமாகக் காட்டுங்கள், விவாதிக்கலாம். ஆனால் அதே ஆய்வில் லாப நோக்கற்ற தனியார் அமைப்புகள் பின்தங்கியதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.