அந்த 'டு' வேறு டு

வேலை விண்ணப்பத்தின் கடைசி வரிக்கு மாதிரியாக 'ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ' என்று கட்டுரையில் கொடுத்திருக்கிறீர்கள். 'ஹியரிங்' என்று திருத்திவிடுங்கள். 'வான்ட் டு கோ'வில் வரும் டு வினையோடு ஒட்டியது. இங்கே உள்ளது 'அட்', 'இன்' மாதிரி ஒரு பிரிபொசிஷன். பின்னால் பெயர்ச்சொல்தான் வரும். வினையை வைத்தே ஆகவேண்டுமென்றால் ஐஎன்ஜி சேர்த்துப் பெயராக்க வேண்டும்.

நமக்கு இது தவறுவதற்குக் காரணம் உண்டு. 'சந்திக்க ஆவலாக இருக்கிறேன்' என்று மனதில் ஓடும்போது கை தானாக 'டு மீட்' தட்டிவிடுகிறது.

சந்தேகம் வந்தால் டு-வுக்குப் பின் 'இட்' போட்டுப் பாருங்கள். 'லுக் ஃபார்வர்ட் டு இட்' நிற்கும், எனவே ஐஎன்ஜி. 'வான்ட் டு இட்' உளறல். 'ஆப்ஜெக்ட் டு'வும் இதே வகை. 'யூஸ்ட் டு'தான் வில்லங்கம்: 'ஐ யூஸ்ட் டு டிரைவ்' என்றால் முன்பு ஓட்டினேன், 'ஐ ஆம் யூஸ்ட் டு டிரைவிங்' என்றால் ஓட்டிப் பழக்கம்.

'ஃபார்வர்ட்' எழுத வேண்டிய இடத்தில் முன்னுரையைக் குறிக்கும் 'ஃபோர்வேர்ட்' விழுந்தால் ஸ்பெல்செக் சிவப்புக்கோடு போடாது. இரண்டுமே அகராதிச் சொற்கள்.