எத்தனை பேருக்கு ஒரு அடுப்பு?

போன வாரம் இன்பாக்ஸில் ஒரு கேள்வி. கேட்டவர் வங்கியில் வேலை பார்ப்பவர், நாற்பதைத் தாண்டியவர், வரும் செப்டம்பரில் மான்செஸ்டருக்கு மாஸ்டர்ஸ் படிக்கப் போகிறார். "மேடம், சாப்பாடு போடுற ஹாஸ்டல் எடுக்கட்டுமா, நாமே சமைச்சுக்கிற ஃபிளாட் எடுக்கட்டுமா?" பதில் நீண்டுகொண்டே போனதால் இங்கேயே போட்டுவிடுகிறேன்.

கண்ணை மூடிக்கொண்டு ஃபிளாட் எடுங்கள். சாப்பாடு போடும் விடுதிகள் பெரும்பாலும் பள்ளி முடித்து நேராக வரும் பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கானவை. அதுவும் மாணவர் விடுதிகள் நிறைந்த ஃபாலோஃபீல்ட் பக்கம் என்றால் செப்டம்பர் மாதம் முழுக்கத் தூக்கத்தை மறந்துவிட வேண்டியதுதான். பிரிட்டனில் 21 வயதுக்கு மேல் இளங்கலை சேர்ந்தாலே 'முதிர்ந்த மாணவர்' என்று எழுதிவிடுவார்கள். நான் அங்கே படிக்கப் போனபோது எனக்கு 38. நான் எந்தக் கணக்கு என்று யாரும் சொல்லவில்லை, ஹைதராபாத்திலிருந்து வந்திருந்த பக்கத்து அறைப் பெண் மட்டும் முதல் நாளே "ஆன்ட்டி" என்று முடித்துவிட்டாள்.

ஃபிளாட் என்றதும் நம் ஊர் டூ பெட்ரூமை நினைக்காதீர்கள். நீளமாக ஒரு நடை, இரண்டு பக்கமும் அறைகள், கோடியில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கிச்சன். படங்களைப் பார்த்துவிட்டு எல்லோரும் அறை எவ்வளவு பெரிசு, அட்டாச்டு பாத்ரூம் உண்டா என்றுதான் கேட்கிறார்கள். நானும் அதைத்தான் கேட்டேன். கேட்டிருக்க வேண்டியது, ஒரு கிச்சனுக்கு எத்தனை பேர் என்று. எங்களுக்கு எட்டுப் பேர். இரண்டு அடுப்பு, ஃபிரிட்ஜில் ஆளுக்கு ஒரு தட்டு, ஃப்ரீசரில் அரை டிராயர். இருபத்திரண்டு வயதுக்காரர்கள் ராத்திரி பதினொன்றுக்குப் பாஸ்தா வேகவைப்பார்கள், நமக்கு எட்டு மணிக்குச் சாப்பிடாவிட்டால் வயிறு மறுநாள் வரை பேசும். சிங்க்கில் பாத்திரம் மலையாகக் கிடக்கும். பதினான்கு வருடம் வீட்டில் சிங்க்கைப் பார்த்துக் கத்தியவள், கடல் கடந்து வந்தும் கத்துவதா என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். மூன்று வாரம்தான் முடிந்தது.

இட்லி மாவுக் கதை வேறு. அந்தக் குளிருக்கு மாவு பொங்காது, ஓவனுக்குள் வைத்து அதன் விளக்கை மட்டும் போட்டுவிட்டால் காலைக்குள் பொங்கிவிடும் என்று அங்கே பல வருடமாக இருக்கும் ஒரு அக்கா சொல்லிக்கொடுத்தார். வைத்தேன். நடுராத்திரியில் ஒரு பையன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் பீட்ஸாவுக்காக 200 டிகிரியில் ஓவனைச் சூடாக்கியிருக்கிறான். காலையில் பாத்திரத்தோடு ஒட்டிய கேக் ஒன்று கிடைத்தது. பாவம், கையெழுத்தில் மன்னிப்புக் கேட்டுச் சீட்டு ஒட்டியிருந்தான், திட்டவும் முடியவில்லை.

அப்போ ஸ்டூடியோ எடுக்கலாமே என்பீர்கள். கட்டிலும் அடுப்பும் ஒரே அறையில். எடுக்கலாம், காசு கணிசமாகக் கூடும், அப்புறம் போர்வை சாம்பார் வாசனையோடுதான் இருக்கும். அறைக்குள் புகை அலாரம் இருக்கிற இடத்தில் மிளகாய் வற்றல் தாளிப்பது எப்படி என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். நான் ஒரு நாள் கிச்சன் கதவை மூடாமல் தாளித்ததற்கே புகை நடைக்குப் போய், மொத்தக் கட்டடமும் மழையில் நைட்டியோடும் டவுசரோடும் தெருவில் நின்றது. என்னைக் கேட்டால் நாலைந்து பேர் சேர்ந்த ஃபிளாட்தான் சரி. முதுகலை மாணவர்கள் மட்டும் இருக்கும் ஃபிளாட் வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே எழுதிக் கேளுங்கள். கேட்டால் பல இடங்களில் பார்த்துக் கொடுக்கிறார்கள், நான் கேட்கவில்லை.

வெளியே வேலை பார்க்கும் நண்பரோடு வீடு எடுக்கலாம் என்றும் சிலர் யோசிக்கிறார்கள். முழுநேர மாணவர்கள் மட்டுமே இருக்கும் வீட்டுக்குத்தான் கவுன்சில் டேக்ஸ், அதாவது உள்ளூர் நிர்வாகத்துக்குக் கட்டும் வீட்டு வரி, இல்லை. கூட வேலைக்குப் போகிறவர் ஒருவர் இருந்தால் பில் வந்துவிடும், 25 சதவீதம்தான் தள்ளுபடி.

குடும்பத்தோடு போகலாமா என்று கேட்பவர்களுக்கு: 2024 ஜனவரியிலிருந்து எம்.எஸ்சி. மாதிரி பாடவழி முதுகலைக்குப் போகிறவர்கள் கணவரையோ பிள்ளையையோ கூட அழைத்துப்போக முடியாது, ஆராய்ச்சிப் படிப்பு போலச் சிலவற்றுக்குத்தான் விலக்கு. பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு இது ஒரு பொருட்டில்லை. பத்து வயது மகனை விட்டுவிட்டு வந்தவளுக்கு? முதல் மாதம் எனக்கு ஒரு ஆளுக்குச் சமைக்கவே வரவில்லை. கை தானாக மூன்று பேருக்கு அரிசி அள்ளும். அதே சாதத்தை மூன்று நாள் சாப்பிட்டிருக்கிறேன், எலுமிச்சைச் சாதமாக, தயிர்ச் சாதமாக, கடைசியில் வடகத்துக்குக்கூட யோசித்தேன், வெயில்தான் இல்லை.

எங்கள் ஃபிளாட்டிலேயே நைஜீரியாவின் லாகோஸ் நகரத்துப் பெண் ஒருத்தி, 44 வயது, ஊரில் இரண்டு பிள்ளைகள். அவளும் அதேபோல அண்டா அண்டாவாக ஜொலோஃப் என்ற அவர்கள் ஊர்த் தக்காளிச் சாதத்தைச் சமைத்துவிட்டு முழிப்பாள். இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை காலையில், ஃபிளாட்டில் மற்ற இளசுகள் எல்லாம் தூங்கும் நேரத்தில், கிச்சனைக் கைப்பற்றிவிடுவோம். ரஷோமில் வில்ம்ஸ்லோ சாலைக் கடைகளில் சாமான் வாங்கி வந்து அந்த வாரத்துக்கு வேண்டியதைச் சமைத்து டப்பாவில் பிரித்துக்கொள்வோம். இரண்டு பேரின் ஃபோனும் சர்க்கரை டப்பாவில் சாய்ந்திருக்கும், இரண்டிலும் அவரவர் வீடு ஓடிக்கொண்டிருக்கும். அவள் காராமணியை ஊறவைக்காமலே என் மூன்று லிட்டர் குக்கரில் போட்டு வேகவைப்பாள், முதல் விசிலுக்குக் கத்தியவள் பிறகு விசில் எண்ணப் பழகிவிட்டாள்.

கிளம்பும்போது குக்கரை அவளிடமே கொடுத்துவிட்டு வந்தேன். ஊருக்கு வந்து பெட்டியைப் பிரித்தால் வெயிட் மட்டும் என் சாக்ஸுக்குள் இருக்கிறது. அதை மான்செஸ்டருக்குத் தபாலில் அனுப்ப எவ்வளவு ஆகும், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.