கொடுத்த கையால் எடுக்க எட்டு மாதமா?

2019 பிப்ரவரி 16, சனிக்கிழமை வந்த செய்தியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வாஷிங்டனின் முன்னாள் பேராயரும் முன்னாள் கர்தினாலுமான மெக்காரிக்கை வத்திக்கான் குருத்துவ நிலையிலிருந்தே நீக்கிவிட்டது. அந்தக் கையோடு அமெரிக்காவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களில் ஒன்றான நோட்டர் டேமும் 2008இல் அவருக்குக் கொடுத்த கௌரவ டாக்டர் பட்டத்தை ரத்து செய்துவிட்டது. நம் கத்தோலிக்க நண்பர்கள் பலர் "சரியான முடிவு, துணிச்சலான முடிவு" என்று எழுதிக்கொண்டிருக்கிறார்கள். சரியான முடிவுதான், மறுக்கவில்லை. துணிச்சல் என்று மட்டும் சொல்லாதீர்கள், கேட்க வலிக்கிறது. போப்பே கைவிட்ட பிறகு ஒருவரைக் கைவிட என்ன துணிச்சல் வேண்டும்?

நடந்ததைக் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். மெக்காரிக் பல பத்தாண்டுகளுக்கு முன் பூசையில் குருவுக்கு உதவி செய்யும் ஒரு பீடச்சிறுவனிடம் பாலியல் ரீதியில் தவறாக நடந்தார் என்ற புகார் நம்பத்தக்கது, ஆதாரமுள்ளது என்று நியூயார்க் உயர்மறைமாவட்டத்தின் விசாரணைக் குழு முடிவு சொன்னது வெளியே வந்தது 2018 ஜூனில். ஜூலைக் கடைசியில் அவர் கர்தினால் குழுவிலிருந்தே விலகினார். அந்த ஜூலையிலேயே ஃபோர்டாம் பல்கலைக்கழகமும் அமெரிக்கக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகமும் தாங்கள் கொடுத்த பட்டங்களை ரத்து செய்தன. இரண்டுமே அவர் படித்த இடங்கள். எங்கள் பிள்ளை என்று பெருமைப்பட்டவர்களால் அது முடிந்தது. நோட்டர் டேம் மட்டும் ஆகஸ்டில் ஓர் அறிக்கை விட்டது. அந்தச் செயல்கள் கண்டிக்கத்தக்கவை, விசாரணைக் குழுவின் முடிவைச் சந்தேகிக்கக் காரணமில்லை, ஆனால் அவர் தன்மேல் தவறில்லை என்கிறார், ரோமில் விசாரணை முடியும்வரை காத்திருப்போம் என்பது அதன் சாரம்.

சந்தேகிக்கக் காரணமில்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அப்புறம் எதற்குக் காத்திருந்தீர்கள்?

நான் சொல்ல வருவது ஒன்றுதான். கௌரவப் பட்டம் பல்கலைக்கழகம் தன் வாயால் சொல்கிற சொல். "இவரைப் போல் இருங்கள்" என்று, அன்றைக்குப் பட்டம் வாங்க நிற்கிற பிள்ளைகளுக்கு முன்னால் ஒருவரை நிறுத்திக் காட்டுவது. அதற்குத் தேர்வு கிடையாது, ஆய்வேடு கிடையாது. கொடுக்கும்போது எந்த நீதிமன்றத்தையும் கேட்கவில்லை, ரோமிடமும் அனுமதி வாங்கவில்லை. தன் சொல்லைத் திரும்பப் பெற மட்டும் ரோமின் தீர்ப்பு எதற்கு?

"குற்றம் நிரூபிக்கப்படும்வரை எவரும் நிரபராதி அல்லவா?" என்று கேட்பீர்கள். ஆமாம். ஒருவரைச் சிறைக்கு அனுப்ப நிரூபணம் வேண்டும். குருத்துவத்திலிருந்து நீக்கவும் முறையான விசாரணை வேண்டும். ஏனென்றால் அங்கே அவருக்கு உரிமைகள் இருக்கின்றன. கௌரவப் பட்டம் யாருக்கும் உரிமை இல்லை. அதை எடுத்துக்கொண்டால் அவர் வீட்டை இழக்கப் போவதில்லை, சோற்றை இழக்கப் போவதில்லை. நாங்கள் இனி உங்களை முன்மாதிரியாகக் காட்டமாட்டோம் என்று சொல்வது தண்டனையே இல்லை.

"அமெரிக்க நகைச்சுவை நடிகர் பில் காஸ்பிக்கும் இதே அளவுகோலைத்தானே வைத்தார்கள்?" இது உண்மை. 1990இல் கொடுத்த பட்டத்தை, 2018 ஏப்ரலில் பாலியல் வன்முறை வழக்கில் அவர் குற்றவாளி என்று ஜூரி சொன்ன பிறகுதான் எடுத்தார்கள். ஆனால் ஃபோர்டாமும் மார்க்கெட் (Marquette) பல்கலைக்கழகமும் தாங்கள் கொடுத்ததை 2015இலேயே எடுத்துவிட்டன. இரண்டு முறையும் ஒரே மாதிரி தாமதித்தால் தாமதம் கொள்கை ஆகிவிடுமா?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பவர்களுக்காக, இதுவரை எழுதாத ஒன்றை எழுதுகிறேன்.

அப்போது எனக்கு 22 வயது. எங்கள் தேவாலயப் பங்கின் இளைஞர் இயக்கச் செயலர். முன்பு எங்களிடம் இருந்த ஒரு பங்குத்தந்தைதான் பங்கு மண்டபத்தைக் கட்டினார். அதன் வாசலில் அவர் படம் பெரிதாக மாட்டியிருக்கும். அவர் மாறுதலாகிப் போன பிறகு ஒரு குடும்பம் மறைமாவட்டத்தில் புகார் கொடுத்தது. அவர்கள் பையன் பீடச்சிறுவன். விசாரணை தொடங்கியது, அவரைப் பணியிலிருந்து விலக்கி வைத்தார்கள். ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் அந்தப் பையனின் அம்மா என்னிடம் வந்தார். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். "வேற ஒண்ணும் வேணாம் தம்பி. அந்தப் படத்த மட்டும் எடுத்துடுங்க. மறைக்கல்வி வகுப்புக்கு அவன் அதத் தாண்டித்தான் போகணும்" என்றார்.

"விசாரணை முடியட்டும்க்கா. இப்ப எடுத்தா நாமளே தீர்ப்பு சொன்ன மாதிரி ஆயிடும்" என்று சொன்னேன்.

நான் நியாயமாகப் பேசுவதாகத்தான் நினைத்தேன். பங்குப் பேரவையிலும் அதையே சொன்னேன், எல்லோரும் தலையாட்டினார்கள். பதினான்கு மாதம் படம் அங்கேயே இருந்தது. அந்தப் பையன் முதலில் மறைக்கல்விக்கு வருவதை நிறுத்தினான், பிறகு பூசைக்கு. கடைசியில் அந்தக் குடும்பமே வேறு பங்குக்குப் போய்விட்டது. ஆயர் இல்லத்திலிருந்து கடிதம் வந்த வாரம் படத்தைக் கழற்றினோம். சரியான முடிவு எடுத்தோம் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். இப்போது நண்பர்கள் எழுதுகிற அதே சொற்கள்.

படம் ஒரு நாள் கூடுதலாகத் தொங்கினால் யாருக்கு வலிக்கும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. எங்களுக்கு அது சுவரில் மாட்டிய படம். அவனுக்கு, ஊரே அந்த மனிதர் பக்கம் நிற்கிறது என்ற அறிவிப்பு. பட்டமும் அப்படித்தான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2009இல் இதே நோட்டர் டேம், கருக்கலைப்பு உரிமையை ஆதரித்த அமெரிக்க அதிபர் ஒபாமாவுக்குக் கௌரவப் பட்டம் கொடுத்தபோது நம்மவர்கள் எப்படிக் கொதித்தார்கள்? மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். அந்த மறைமாவட்டத்தின் ஆயர் டார்சி விழாவுக்கே போகவில்லை. பேராசிரியர் மேரி ஆன் கிளெண்டன் நோட்டர் டேம் தனக்கு அறிவித்திருந்த லேத்தாரே பதக்கத்தை வேண்டாம் என்றார். அந்தக் கோபத்தை நான் குறைத்துப் பேசவில்லை. கருக்கலைப்பு விஷயத்தில் என் நிலையும் அவர்களுடையதுதான். ஆனால் இந்த எட்டு மாதத்தில் அந்த லட்சக்கணக்கான கைகளும் எங்கே போயின?

அன்று எல்லோரும் எடுத்துக் காட்டியது அமெரிக்க ஆயர்களின் 2004 அறிக்கையை. நம் அடிப்படை அறநெறிகளை மீறி நடப்பவர்களுக்குக் கத்தோலிக்க நிறுவனங்கள் விருதோ கௌரவமோ கொடுக்கக் கூடாது என்கிறது அது. அந்த அறிக்கையை உருவாக்கிய ஆயர் குழுவின் தலைவர் மெக்காரிக். யாருக்குக் கௌரவம் தரலாம், யாருக்குத் தரக்கூடாது என்று நமக்கு எழுதிக் கொடுத்தவரே அவர்தான். இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர்மேல் இருந்த புகார்களில் இரண்டை 2005லும் 2007லும் நியூ ஜெர்சி மறைமாவட்டங்கள் பணம் கொடுத்து முடித்திருந்தன என்பதும் 2018இல்தான் வெளியே வந்தது. 2008இல் நோட்டர் டேமுக்கு அது தெரிந்திருந்தது என்று நான் சொல்லவில்லை. ஏமாந்திருக்கலாம், நாம் எல்லோரும்தான் ஏமாந்தோம். 2008க்காக நான் அவர்களைக் குறை சொல்லவே இல்லை. 2018க்காகச் சொல்கிறேன்.

"நம் திருச்சபையை நாமே சந்தியில் இழுக்கலாமா?" என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். ஐயா, நான் இன்றைக்கும் ஞாயிறு தவறாமல் திருப்பலிக்குப் போகிறவன். என் பிள்ளையும் பீடத்தில் உதவி செய்கிறான். அவன் அங்கே நிற்பதைப் பார்க்கும்போது என் வயிற்றில் என்ன செய்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? திருச்சபை வேண்டாதவனாக இருந்தால் இவ்வளவு எழுதியிருக்கமாட்டேன், எப்போதோ போயிருப்பேன். போனவர்களைத் திட்டுகிறோம். அவர்கள் எந்தப் படத்தைத் தாண்டிப் போக முடியாமல் போனார்கள் என்று நாம் கேட்டதே இல்லை.

நோட்டர் டேமிடம் நான் பெரிதாக எதையும் கேட்கவில்லை. ரத்து அறிவிப்போடு ஒரு வரி சேர்த்திருக்கலாம்: "இதைப் போன ஆண்டே செய்திருக்க வேண்டும், மன்னியுங்கள்." அந்த வரி வரட்டும், நானும் துணிச்சல் என்று எழுதுகிறேன்.

அதே வரியை நானும் அந்த அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. வருகிற ஞாயிறு அவர்கள் பங்குக்குப் போகிறேன்.