பாதத்தையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்

சர்க்கரை நோயாளிகள் ஆண்டுதோறும் செய்துகொள்ள வேண்டிய பரிசோதனைகளைப் பற்றி ஒரு கட்டுரை படித்தேன், தெளிவாகச் சொல்கிறது. ஆனால் பாதத்துக்கு ஒரே ஒரு வரி, அது போதாது. எச்பிஏ1சி (இரண்டு, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), விழித்திரை எல்லாவற்றுக்கும் சீட்டு எழுதித் தருகிறார்கள். செருப்பைக் கழற்றச் சொல்லிக் காலைப் பார்ப்பவர்கள் குறைவு.

இதற்குப் பெரிய கருவியெல்லாம் வேண்டாம். 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையை உள்ளங்காலில் சில இடங்களில் வளையும்வரை அழுத்துவார்கள். கண்ணை மூடிக்கொண்டு, படும்போதெல்லாம் சொல்ல வேண்டும். உணர்வு தெரியாவிட்டால் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். அப்புறம் பாதத்தின் மேலும் கணுக்காலின் பின்னாலும் நாடி பார்ப்பார்கள், ரத்த ஓட்டம் எப்படி என்று தெரிந்துகொள்ள. ஐந்து நிமிட வேலை.

என் மாமாவுக்குச் செருப்பைத் துளைத்து ஏறிய முள் சாயங்காலம்வரை தெரியவில்லை. கழுவிவிட்ட தரையில் ரத்தத் தடத்தைப் பார்த்து அத்தைதான் கண்டுபிடித்தார். வலி இல்லையே என்று மாமா அன்றைக்கும் மருத்துவரிடம் போக மறுத்தார். வலிக்காததுதானே ஆபத்து!

சித்திரை வெயிலில் கோயில் பிரகாரத்தை வெறுங்காலோடு சுற்றுபவர்கள் தயவுசெய்து விடியற்காலையிலேயே போய் வாருங்கள். கால் ஆணியை பிளேடால் சீவாதீர்கள். கடையில் விற்கும் கால் ஆணி பிளாஸ்திரியில் அமிலம் இருக்கிறது, அதுவும் வேண்டாம். குனிந்து பார்க்க முடியாதவர்கள் தரையில் ஒரு கண்ணாடியை வைத்து உள்ளங்காலைத் தினமும் பார்க்கலாம். விரலிடுக்கில் ஈரம் நிற்கவே கூடாது.