கவுன்சிலரே இல்லாத காலத்துச் செலவு

சென்னை மாநகராட்சியின் கொரோனா மீட்புச் செலவை மாமன்றம், அதாவது கவுன்சிலர்கள் சபை, கண்காணித்திருக்க வேண்டும் என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். எந்த மாமன்றம் சார்? 2016 அக்டோபரில் கலைந்தது, 2022 பிப்ரவரியில்தான் தேர்தலே வந்தது. கொரோனா எண்ணிக்கையில் ராயபுரம் மண்டலம் தினமும் டிவியில் முதலிடத்தில் வந்துகொண்டிருந்த 2020-ல் 200 வார்டுக்கும் ஒரு கவுன்சிலர்கூடக் கிடையாது. எல்லாம் அதிகாரிகள் கையில். அவர்கள் உழைக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். வீடு வீடாக வந்து காய்ச்சல் பார்த்த பெண்களை நாங்கள் மறக்கவில்லை. ஆனால் பில்லைப் பார்த்து "இது ஏன்பா இவ்வளவு?" என்று கேட்க ஆள் இல்லை.

கொருக்குப்பேட்டையில் எங்கள் தெருமுனையில், காலால் மிதித்தால் தண்ணீர் வருகிற கைகழுவும் தொட்டி ஒன்று வைத்தார்கள். மூன்றாம் வாரமே பெடல் உடைந்தது. அப்புறம் அதில் பூக்காரம்மா வாளி வைத்துக்கொண்டார். யார் வைத்தது, என்ன விலை, இன்றுவரை தெரியாது.

மத்திய வரிப்பணத்தை எப்படிப் பங்கிடுவது என்று சொல்கிற 15-வது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை, உள்ளாட்சிகள் வழியாகச் சுகாதாரத்துக்கு மட்டும் 70,051 கோடி ரூபாய் தரப் பரிந்துரைத்தது, நாடு முழுக்க. அதில் நம்ம வார்டுக்கு என்ன வந்தது என்று, வார்டு மக்கள் நேரில் கூடிப் பேசுகிற ஏரியா சபையில் கேட்கலாம். 2022 நவம்பர் 1-ல்தான் முதன்முதலாகக் கூடியது அந்தச் சபை. போனால் பேச்சு தெருவிளக்கு, சாக்கடை அடைப்பு என்றே முடிந்துவிடுகிறது. அதுவும் தேவைதான், மறுக்கவில்லை. வரவு செலவுத் தாளை ஒரு பக்கம் ஜெராக்ஸ் எடுத்துச் சுவரில் ஒட்டினால்கூடப் போதும். நான் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஆர்டிஐ (தகவல் உரிமைச் சட்ட) மனு எழுதி வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை போடுகிறேன்.